ஒரே செயலி, பதினைந்து பிள்ளைகள்: கல்விச் செயலியை ஒவ்வொரு பிள்ளைக்கும் ஏற்றபடி அமைக்க ஒரு முழு வழிகாட்டி

கன்னியாகுமரி மாவட்டத்தில், குளச்சலுக்குப் பக்கத்தில் ஒரு கடற்கரை ஊரில் மாலை வகுப்பு நடத்துகிறோம். நான்கு டேப், இரண்டு பழைய லேப்டாப். ஒன்றாம் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரை, ஒரு நாளைக்குப் பதினைந்து பிள்ளைகள் வருவார்கள். நாங்கள் அதிகம் பயன்படுத்துவது ஜிகாம்ப்ரிஸ் (சின்னச் சின்னக் கல்வி ஆட்டங்களின் தொகுப்பு), டக்ஸ் பெயின்ட் (பிள்ளைகள் படம் வரைவதற்கானது) என்ற இரண்டு மென்பொருட்களை. இரண்டும் இலவசம், விளம்பரம் கிடையாது, இணையம் இல்லாமலும் ஓடும். கீழே சொல்வது மற்றச் செயலிகளுக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

புதிதாக வரும் தன்னார்வலர்கள் ஏறக்குறைய எல்லாருமே ஒரே இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். பிள்ளை தவறு செய்ததும் லெவலைக் குறைத்துவிடுகிறார்கள். லெவல் கடைசியாகத் தொட வேண்டியது. அதனால் இங்கே எண் போட்டிருக்கும் வரிசையை மாற்றாமல் போங்கள்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஒரு கோடு போட்ட நோட்டு, பிள்ளைக்கு ஒரு பக்கம். கம்பி உள்ள ஹெட்போன் குறைந்தது இரண்டு வேண்டும். புளூடூத் வேண்டாம், நடுவில் சார்ஜ் போனால் வகுப்பே நின்றுவிடும். ஒரு ஈரத்துணி, ஒரு உலர்ந்த துணி. கடற்கரையில் உப்புக்காற்றும் பிசுபிசுத்த கையுமாகத் திரையைத் தொட்டால் தொடுதல் சரியாகப் பதிவதில்லை. அதைப் பிள்ளையின் தவறாக நாம் எண்ணிவிடுகிறோம்.

நம் மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. மழை நாளில் கரண்ட் போகும் என்று வைத்துக்கொண்டு, காலையிலேயே எல்லாவற்றையும் சார்ஜ் ஏற்றிவிடுங்கள். செயலி கேட்கும் ஒலித் தொகுப்பு, படத் தொகுப்பு எல்லாவற்றையும் நல்ல இணையம் கிடைக்கும் இடத்தில் வைத்து முன்கூட்டியே இறக்கிக்கொள்ளுங்கள்.

கடைசியாக, கொடுக்கப்போகும் ஒவ்வொரு ஆட்டத்தையும் நீங்களே ஒருமுறை முழுவதும் ஆடிப் பாருங்கள். தமிழ் மொழிபெயர்ப்பு எங்கே பாதியில் நிற்கிறது, எந்த அறிவுரைக்குத் தமிழ்க் குரல் இல்லை என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும். குரல் இல்லாத இடத்தில் நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து சொல்ல வேண்டும்.

2. முதல் வாரம் எதையும் மாற்றாதீர்கள்

செயலி புதிதாக இறக்கியபோது எப்படி இருந்ததோ அப்படியே கொடுங்கள். நீங்கள் பின்னால் உட்கார்ந்து பாருங்கள். ஒரு மாலையில் மூன்று பிள்ளைகளுக்கு மேல் ஒழுங்காகக் கவனிக்க முடியாது, அதனால்தான் ஒரு வாரம் என்கிறேன்.

நோட்டில் எழுத வேண்டியவை: திரையை எவ்வளவு தூரத்தில் வைத்திருக்கிறாள்? சொன்னதை ஒரே தடவையில் கேட்டுக்கொள்கிறாளா? ஒருமுறை தட்டுகிறாளா, பலமுறை தட்டுகிறாளா? தவறு வந்ததும் திரும்பச் செய்கிறாளா, பக்கத்துப் பிள்ளையைப் பார்க்கிறாளா, ஆட்டத்தை விட்டு வெளியே வருகிறாளா? வாய்க்குள் என்ன சொல்லிக்கொள்கிறாள்? இந்தக் கடைசிக் கேள்விதான் எனக்கு அதிகம் சொல்லிக்கொடுத்தது.

நான்காம் வகுப்புப் பையன் ஒருவன். திரையில் 450 × 3 என்று வந்தது, விடையை வலக்கோடியில் உள்ள ஒன்றுகள் இடத்திலிருந்து ஒவ்வொரு கட்டமாக நிரப்ப வேண்டும். மூன்று முறை தவறு, டேப்பைக் கவிழ்த்து வைத்துவிட்டான். நான் பக்கத்தில் போய், "மூணு கூடை சாளை, கூடை நானூத்தம்பதுன்னா மொத்தம் எவ்வளவு?" என்று கேட்டேன். "ஆயிரத்து முந்நூத்தம்பது டீச்சர்" என்றான், யோசிக்கவே இல்லை. எப்படி என்று கேட்டால், "நானூறு மூணு ஆயிரத்து எரநூறு, அம்பது மூணு நூத்தம்பது" என்கிறான். கடற்கரையில் ஏலத்தைப் பார்த்து வளர்ந்த கணக்கு அது. பெரிய எண்ணிலிருந்து சின்ன எண்ணுக்கு வருகிறது. செயலி கேட்டதோ சின்னதிலிருந்து பெரியதற்கு.

அன்றைக்கு நான் லெவலைக் குறைத்திருந்தால் அவனுக்கு இரண்டிலக்கக் கூட்டல் வந்திருக்கும். அவனுக்குத் தெரிந்ததையே திரும்பக் கொடுத்து, அவன் குறையை அப்படியே விட்டிருப்பேன். அவனுக்குத் தேவைப்பட்டது வேறு ஆட்டம். பணம் கொடுத்துச் சாமான் வாங்கும் ஆட்டங்கள் ஜிகாம்ப்ரிஸில் இருக்கின்றன. இரண்டு வாரம் அதில் ஓடினான். அதற்குப் பிறகு கட்டக் கணக்கை நோட்டில், அவன் முறையையும் பள்ளிக்கூட முறையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டினேன்.

இந்த வாரத்தில் செய்யக்கூடாத ஒன்றும் உண்டு. 'இவள் பார்த்துக் கற்பவள், இவன் கேட்டுக் கற்பவன்' என்று பிள்ளைகளைப் பிரிக்காதீர்கள். அப்படிப் பிரித்துச் சொல்லிக்கொடுத்தால் நன்றாகக் கற்கிறார்கள் என்பதற்கு ஆய்வுகளில் உறுதியான ஆதாரம் கிடைக்கவில்லை. பிள்ளைக்கு ஏற்கெனவே என்ன தெரியும், எது குறுக்கே நிற்கிறது என்ற இரண்டையும் பார்த்தால் போதும்.

3. கண், காது, விரல்

இவற்றால் வரும் தவறுகள் வெளியே பார்க்கும்போது 'பாடம் தெரியவில்லை' என்பது போலவே இருக்கும். அதனால் முதல் மாற்றம் இங்கேதான்.

கண்: திரையை முகத்தருகே கொண்டுபோகும் பிள்ளைக்கு எழுத்தைப் பெரிதாக்குங்கள். ஆண்ட்ராய்டில் எழுத்தளவு, காட்சி அளவு என்று இரண்டு இருக்கின்றன. ஜிகாம்ப்ரிஸ் போன்றவற்றில் செயலிக்குள்ளேயே தனியாக எழுத்தளவு உண்டு. டேப்பில் மாற்றியது உள்ளே வராமல் போகலாம், இரண்டு இடத்திலும் மாற்ற வேண்டும். கடல் பக்கம் பார்த்த ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார வைத்தால் திரையில் கூச்சம் அடிக்கும், இடத்தையும் மாற்றிப் பாருங்கள்.

எழுத்தைப் பெரிதாக்கியதோடு நிறுத்திவிடாதீர்கள், அது கண்ணாடிக்கு மாற்று ஆகாது. பெற்றோரிடம் சொல்லி ஒரு கண் பரிசோதனைக்கு அனுப்புங்கள். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு நாகர்கோவிலிலிருந்து பஸ் உண்டு என்று வழியையும் சேர்த்துச் சொன்னால் போவார்கள்.

நிறம்: சிவப்பையும் பச்சையையும் பிரித்துப் பார்க்கச் சிரமப்படும் பிள்ளைகள் இருப்பார்கள், ஆண் பிள்ளைகளில் இது கூடுதல். மற்ற ஆட்டங்களில் நன்றாகச் செய்து, நிறத்தை மட்டும் வைத்து வரும் ஆட்டத்தில் தவறினால் சந்தேகப்படுங்கள். ஆண்ட்ராய்டில் வண்ணத் திருத்தம் இருக்கிறது. அதைவிட, வடிவத்தையும் சேர்த்துக் காட்டும் ஆட்டத்துக்கு மாற்றுவது எளிது.

காது: பின்னணி இசையை எல்லாருக்கும் நிறுத்திவிடுங்கள், யாருக்கும் அதனால் பயன் இல்லை. பேசும் குரல் மட்டும் இருக்கட்டும். ஒரு காது மட்டும் சரியாகக் கேட்கும் பிள்ளைக்கு, அணுகல்தன்மை செட்டிங்ஸில் மோனோ ஆடியோவைப் போட்டால் இரு பக்கத்து ஒலியும் நல்ல காதுக்கு வந்துவிடும். தவறுக்கு அடிக்கும் 'டொய்ங்' சத்தம் சில பிள்ளைகளைக் கூனிக் குறுக வைக்கிறது. அவர்களுக்கு ஒலி விளைவுகளையும் நிறுத்துங்கள்.

விரல்: சின்னப் பிள்ளைகளுக்குத் தட்டுவது எளிது, இழுத்துக்கொண்டு போய் வைப்பது கடினம். முதலில் தட்டும் ஆட்டங்கள், அப்புறம் இழுக்கும் ஆட்டங்கள். விரலை அழுத்தியே வைத்திருக்கும் பிள்ளைக்கு, தொட்டுப் பிடிக்கும் தாமதத்தை நீளமாக்குங்கள். லேப்டாப்பில் மவுஸ் வேகத்தைக் குறைத்தாலே பாதிப் பிரச்சினை போய்விடும். இடக்கைப் பிள்ளைக்கு மவுஸை இடப்பக்கம் வையுங்கள்.

4. வீட்டுப் பேச்சும் செயலியின் தமிழும்

நம் மாவட்டத்தில் இந்தப் படியைத் தாண்டிப் போகவே கூடாது. களியக்காவிளை, மார்த்தாண்டம் பக்கம் வீட்டில் மலையாளம் பேசும் பிள்ளைகள் உண்டு. பேச்சிப்பாறை மலைப்பக்கம் காணிப் பழங்குடிப் பிள்ளைகளுக்கு வீட்டுப் பேச்சு வேறு. கடற்கரைத் தமிழ் வேறு. ஒரே செயலியின் ஒரே 'தமிழ்' இவர்கள் எல்லார் வீட்டுக்குள்ளும் ஒரே மாதிரிப் போய்ச் சேராது.

பலாப்பழத்தின் படம் வந்தால் எங்கள் பிள்ளை 'சக்கை' என்பாள். மரவள்ளிக்கிழங்கு 'மரச்சீனி'. படகு 'வள்ளம்'. செயலி 'ப' வில் தொடங்கும் படத்தைத் தொடச் சொன்னால், சக்கையையும் வள்ளத்தையும் விட்டுவிட்டு மீதியைத் தொடுவாள். செயலி அதைத் தவறு என்கிறது. அவளுக்கு 'ப' தெரியாது என்று நாமும் எழுதிவிடுகிறோம்.

செய்ய வேண்டியது: ஆட்டத்தைத் தொடங்கும் முன் அதில் வரும் படங்களைக் காட்டி, "இதை உங்க வீட்ல என்ன சொல்வீங்க?" என்று கேளுங்கள். அவள் சொன்ன சொல்லை நோட்டில் எழுதி, அதற்கு நேரே புத்தகச் சொல்லை எழுதுங்கள். 'சக்கை, புத்தகத்துல பலா' என்று இரண்டையும் சேர்த்துச் சொல்லிப் பழக்குங்கள். வீட்டுச் சொல்லைத் தவறு என்று ஒருபோதும் திருத்தாதீர்கள். திருத்தினால் அடுத்த தடவை பிள்ளை வாயே திறப்பதில்லை, வாய் திறக்காத பிள்ளையிடம் நாம் எதையும் கண்டுபிடிக்க முடியாது.

அப்புறம், சொந்தப் படங்களைச் சேர்க்கலாம். டக்ஸ் பெயின்டில் 'ஸ்டாம்ப்' என்ற முத்திரைப் படங்கள் உண்டு. படக்கோப்பு, அதே பெயரில் ஒரு உரைக்கோப்பு, அதே பெயரில் ஒரு ஒலிக்கோப்பு என்று மூன்றையும் ஸ்டாம்ப் ஃபோல்டரில் போட்டால், படத்தைத் தேர்ந்ததும் சொல் தெரியும், குரல் கேட்கும். உரைக்கோப்பை யூடிஎஃப்-8 (UTF-8) என்ற எழுத்துக் குறியீட்டு முறையில் சேமியுங்கள், இல்லையென்றால் தமிழ் கட்டம் கட்டமாகத் தெரியும். நாங்கள் வள்ளம், வலை, சாளை, நெத்திலி, மட்டிப்பழம், ரப்பர் பால் எடுக்கும் சிரட்டை என்று போனில் படம் எடுத்துச் சேர்த்தோம். குரல் கொடுத்தது எட்டாம் வகுப்பு அக்கா ஒருத்தி. தெரிந்த குரலைக் கேட்டதும் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் கூடவே சொல்லத் தொடங்கினார்கள்.

ஆங்கில வழிப் பள்ளிப் பிள்ளை என்பதற்காகச் செயலியின் மொழியையே ஆங்கிலமாக்குவது இன்னொரு வழக்கமான பிழை. 'என்ன செய்யணும்' என்பது புரியும் மொழியில் இருக்கட்டும், 'எதைக் கற்கிறாள்' என்பது மட்டும் ஆங்கிலத்தில் இருக்கட்டும். ஜிகாம்ப்ரிஸில் சில எழுத்து, சொல் ஆட்டங்களுக்கு மட்டும் தனியாக மொழி மாற்றும் வசதி இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள்.

5. தமிழ் எழுத்து உடைகிறதா என்று சோதியுங்கள்

'கொக்கு' என்பது பிள்ளைக்கு மூன்று எழுத்து: கொ, க், கு. கணினிக்குள் அது ஆறு குறியீடு. எழுத்துகளைப் பிரித்துக் கொடுக்கும் ஆட்டத்தைத் தமிழை நினைக்காமல் செய்திருந்தால், புள்ளியும் கொம்பும் தனித்தனியாக வந்து விழும். பிள்ளை அதைக் கண்டு குழம்பினால் பிழை பிள்ளையிடம் இல்லை. கொக்கு, தேள், கௌதாரி என்று மூன்று சொல்லைப் போட்டுப் பாருங்கள். உடைந்தால் அந்த ஆட்டத்தையே கொடுக்காதீர்கள், அதே வேலையை அட்டையில் எழுதிச் செய்யலாம்.

உடையாவிட்டாலும் எழுத்து வடிவத்தைக் கவனிக்க வேண்டும். 'ர' வும் துணைக்காலும் ஒரே மாதிரி தெரிகிற எழுத்துருவில் 'மார்' என்பதை வாசிக்கப் பிள்ளை திணறும். 'கௌ' வும் 'கெள' வும் ஒன்றாகத் தெரியும். கொம்பு இடப்பக்கம் நிற்கும், ஒலியோ பின்னால் வரும்; இது வாசிக்கத் தொடங்கும் எல்லாப் பிள்ளைக்குமே சிரமம். எழுத்து இடைவெளியைக் கொஞ்சம் கூட்டுங்கள், ஆனால் கொம்பு எழுத்தை விட்டு விலகும் அளவுக்குக் கூட்டாதீர்கள்.

பல மாதம் இப்படியெல்லாம் செய்தும் எழுத்தே பிடிபடவில்லை என்றால், நாமாகப் பெயர் வைக்கக் கூடாது. குறிப்பிட்ட கற்றல் குறைபாடு என்பது 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் உள்ள 21 வகைகளில் ஒன்று. அதைச் சொல்ல வேண்டியவர் பயிற்சி பெற்ற மருத்துவரோ நிபுணரோ. நாம் நோட்டில் எழுதிவைத்த பக்கத்தைப் பெற்றோர் கையில் கொடுத்து அனுப்பலாம்.

6. இப்போதுதான் லெவல்

தொடக்க வகுப்புகளுக்கான தமிழக அரசின் எண்ணும் எழுத்தும் திட்டம் 2022 இல் வந்தபிறகு, அரும்பு, மொட்டு, மலர் என்ற மூன்று நிலைகள் பெற்றோருக்கும் பழகிவிட்டன. நாமும் அந்தச் சொற்களையே எடுத்துக்கொள்ளலாம். ஆனால் ஒரு பிள்ளைக்கு ஒரே நிலை என்று போடாதீர்கள். கணக்கில் மலரும் வாசிப்பில் அரும்புமாக இருக்கிற பிள்ளைகள் நிறைய. மேலே சொன்ன ஏலக்கணக்குப் பையனும் அப்படித்தான்.

ஜிகாம்ப்ரிஸில் லெவலை இரண்டு இடத்தில் மாற்றலாம். ஒன்று, முதன்மைத் திரையின் நட்சத்திர வடிகட்டி, 1 முதல் 6 வரை. அதற்கு வெளியே உள்ள ஆட்டங்கள் மறைந்துவிடும். மற்றொன்று, பல ஆட்டங்களுக்குள் இருக்கும் தனி அமைப்பு. எந்தக் கேள்வித் தொகுப்பு வர வேண்டும் என்று அங்கே தேர்ந்தெடுக்கலாம். புதியவர்கள் முதல் இடத்தை மட்டும் மாற்றிவிட்டு, 'குறைத்தும் கஷ்டமாகவே வருகிறதே' என்பார்கள். ஆட்டத்தைத் திறந்து உள்ளேயும் மாற்றுங்கள்.

எவ்வளவு மாற்றுவது? எங்கள் அளவுகோல் இது. பத்துக் கேள்வியில் ஏழெட்டு சரியாக வந்தால் அங்கேயே இருக்கட்டும். அடுத்தடுத்து இரண்டு நாள் ஒன்பது, பத்து வந்தால் ஒரு படி மேலே. ஐந்துக்குக் கீழே போனால் ஒரு படி கீழே. அதற்கு முன் 3, 4, 5 ஆம் படிகளை மறுபடி பாருங்கள். ஆய்வு முடிவாக இதைச் சொல்லவில்லை, எங்கள் வகுப்பில் வேலை செய்த கணக்கு.

தானாகவே லெவலைக் கூட்டிக் குறைக்கும் செயலிகளும் உண்டு. அவற்றை முழுவதும் நம்பிவிட வேண்டாம். அவற்றுக்குத் தெரிவது சரியா தவறா, எவ்வளவு நேரம் எடுத்தது என்பது போன்ற சில விஷயங்கள்தான். எல்லா விடையையும் வரிசையாகத் தட்டித் தட்டி மேலே போகும் பிள்ளையை அவை கெட்டிக்காரன் என்று எடுத்துக்கொள்ளும். அண்ணன் வந்து பத்து நிமிஷம் ஆடிவிட்டுப் போனால் தம்பிக்கு மறுநாள் வகுத்தல் கணக்கு வரும். ஒவ்வொரு லெவல் ஏற்றத்துக்கும் ஒரு கேள்வியைப் பிள்ளையிடம் வாயால் கேட்டு உறுதிசெய்யுங்கள்.

7. உதவி, நேரம், பரிசு

உதவிக் குறிப்பு தொடக்கத்தில் துணை. தெரிந்த பிள்ளைக்கு அதே குறிப்பு இடைஞ்சல், ஒவ்வொரு முறையும் படித்துவிட்டுத்தான் போக வேண்டும். அதனால் புதிய பாடத்தில் போட்டு, இரண்டு வாரத்தில் எடுத்துவிடுங்கள்.

நேரம் ஓடும் ஆட்டங்களை, கணக்கு கையில் வந்த பிள்ளைக்கு மட்டும் கொடுங்கள். நட்சத்திரம், நாணயம் என்று பரிசு கொடுக்கும் வசதியை நிறுத்த முடிந்தால் நிறுத்துவேன். பிள்ளைகள் அதை எண்ணிப் பக்கத்துப் பிள்ளையோடு ஒப்பிட ஆரம்பித்துவிடுகிறார்கள்.

8. ஒரு டேப்பைப் பல பிள்ளைகள் தொடும்போது

ஜிகாம்ப்ரிஸுக்குள் பிள்ளைக்கு ஒரு கணக்கு என்று கிடையாது. ஒருவருக்காக மாற்றினால் அடுத்தவருக்கும் அதுதான். பதினைந்து பேருக்குப் பதினைந்து அமைப்பு செய்யப் பார்த்து ஒரு தன்னார்வலர் மூன்றாம் நாளே களைத்துப்போனார். நோட்டை எடுத்துப் பார்த்தால் பெரும்பாலும் மூன்று, நான்கு வகையில் எல்லாரும் அடங்கிவிடுவார்கள்: பெரிய எழுத்து வேண்டியவர்கள், குரல் வேண்டியவர்கள், இழுக்கும் ஆட்டம் முடியாதவர்கள், எதுவும் மாற்றத் தேவையில்லாதவர்கள்.

லேப்டாப்பில் இந்த வகைக்கு ஒன்றாகத் தனி லாகின் போடுங்கள். ஒவ்வொரு லாகினும் தன் செட்டிங்ஸைத் தானே வைத்துக்கொள்ளும். சில டேப்களில் பல பயனர் வசதி இருக்கும். இல்லையென்றால் டேப்பையே பிரித்துவிடலாம்: இந்த டேப் பெரிய எழுத்து, அந்த டேப் குரல் என்று. லாகினுக்கு மீன், தென்னை, கலங்கரை விளக்கு என்று படம் வையுங்கள். 1, 2, 3 என்று போட்டால் யார் மேலே யார் கீழே என்று அன்றே பேச்சு வந்துவிடும்.

பிள்ளை தவறித் தொட்டு வெளியே போகாமல் இருக்க, ஆண்ட்ராய்டில் செயலியைத் திரையில் 'பின்' செய்யலாம். கணினியில் ஜிகாம்ப்ரிஸைக் கியோஸ்க் முறையில் திறந்தால் வெளியேறும் பொத்தானும் செட்டிங்ஸ் பொத்தானும் மறைந்துவிடும். எல்லா அமைப்பையும் முடித்த பிறகே இதைச் செய்யுங்கள், முதலிலேயே செய்துவிட்டால் ஒவ்வொன்றுக்கும் அவிழ்த்து அவிழ்த்துக் கட்ட வேண்டியிருக்கும்.

9. பதினைந்து நாளுக்கு ஒருமுறை

ஒரு தடவைக்கு ஒரு மாற்றம். தேதியோடு எழுதுங்கள். எழுத்தையும் பெரிதாக்கி, லெவலையும் குறைத்து, ஹெட்போனும் கொடுத்த பிறகு பிள்ளை நன்றாகச் செய்தால், எது உதவியது என்று யாருக்கும் தெரியாது.

பதினைந்தாம் நாள் அதே பாடத்தைத் திரை இல்லாமல் கேளுங்கள். சிலேட்டில் எழுதச் சொல்லலாம், புளியங்கொட்டையை எண்ணச் சொல்லலாம். திரையில் வந்து சிலேட்டில் வரவில்லை என்றால், பிள்ளை ஆட்டத்தின் இடத்தையும் நிறத்தையும் மனப்பாடம் செய்திருக்கிறது. லெவலைக் கூட்டாமல் வேறு ஆட்டத்தில் அதே பாடத்தைக் கொடுங்கள். சிலேட்டில் வந்து திரையில் வரவில்லை என்றால் மூன்றாம் படிக்குத் திரும்புங்கள்.

வீட்டில் போன் கிடைக்கும் காலத்தையும் கணக்கில் எடுங்கள். மேற்குக் கரையில் விசைப்படகுத் தடைக்காலம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. அந்த இரண்டு மாதம் பல வீட்டில் அப்பாவும் அவர் போனும் கரையில் இருக்கும். போனில் செயலியை இறக்கி, பிள்ளைக்கு உரிய எழுத்தளவையும் மொழியையும் நாமே போட்டுக் கொடுத்துவிட்டு, நாளுக்கு இருபது நிமிஷம் போதும் என்று அப்பாவிடம் சொல்லுங்கள். ஆகஸ்டில் அவர் கடலுக்குப் போகும் முன், வீட்டில் என்னென்ன ஆட்டம் ஆடினாள், எதில் நின்றுபோனாள் என்று கேட்டு, அவள் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். அடுத்த பதினைந்து நாளை அங்கிருந்து தொடங்கலாம்.